என் பெயரில் ஒரு கார்டு

மட்டாஞ்சேரியில் எங்கள் அலுவலகத்துக்குக் காகிதம், மை, துடைப்பம் என்று சில்லறைச் சாமான் வாங்க அரசாங்கம் ஒரு கார்டு கொடுத்தது. அதில் என் பெயர். கார்டை எங்கே உரசினாலும் என் போனுக்குச் செய்தி வரும்.

எனக்கு ஒரு கோணல் புத்தி. என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, இங்கே மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தவர். கிடங்கைப் பூட்டியதும் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நாணயம் என்றால் அதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். அதனால் யாரும் கேட்காமலேயே தினமும் மாலை கார்டை, ரகசிய எண் எழுதிய உறையோடு, எங்கள் அலுவலகச் சூப்பிரண்டிடம் ஒப்படைத்தேன். பாலக்காட்டுத் தமிழர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்; இடையிடையே மலையாளம் கலக்கும், என்னை 'மோளே', மகளே, என்பார். முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவர் கை தானாக நீண்டது.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடை. மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடம் கேட்டேன்.

"சாரமில்லே மோளே, ஒண்ணும் பெரிசில்லே. ஆபீசுக்குக் கர்ட்டன் வாங்கினேன். பில் தரேன்."

பில்லும் வரவில்லை, கர்ட்டனும் வரவில்லை. அடுத்து ஒரு பெட்ரோல் பங்க். அடுத்து ஓர் ஓட்டல். கொஞ்ச நாளில் காலையில் கார்டு திரும்பி வருவதும் நின்றது. வேண்டும்போது நான்தான் கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன். என் தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாக அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். போன் அதிர்ந்தால் பார்ப்பேன், கவிழ்த்து வைப்பேன்.

அப்புறம் ஒருநாள், இப்படிப்பட்ட கார்டுகளைத் தவறாகப் பயன்படுத்தாமல் தடுப்பது பற்றி வகுப்பெடுக்க எர்ணாகுளத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யார் உரசினாலும் பதில் சொல்ல வேண்டியது கார்டில் பெயர் உள்ளவர்தான் என்றார். என் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சூப்பிரண்டு பலமாகத் தலையாட்டினார்.

என் மடியில் போன் அதிர்ந்தது. ஒரு நகைக்கடை. கார்டை உரசி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவரோ என் கண்ணெதிரே இருக்கிறார். அதுவரை ஒரே ஒருவருக்குத்தான் பயந்திருந்தேன். இப்போது கார்டு யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

வராந்தாவுக்குப் போய் வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கச் சொன்னேன்.

"எப்போ தொலைஞ்சது மேடம்?" என்று கேட்டாள் வங்கியில் பேசிய பெண்.

"தொலையல. குடுத்தேன்."

திரும்பினால் சூப்பிரண்டு வாசலில் நிற்கிறார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மோளே," என்றார், மிக மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் நாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. கார்டு தவறாகப் பயன்படுவது எனக்கு முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டிருந்தது. கீழே சூப்பிரண்டின் கையெழுத்து.

கார்டை முடக்கிய அன்றுதான் தெரியும் என்று எழுதினால் பொய். மழை தொடங்கியதிலிருந்தே தெரியும் என்றால் நானும் உடந்தை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் உண்மையை எழுதினேன்; அவர் பெயரையும் எழுதினேன். மெமோவின் கடைசி வரியை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பதிலை நான் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.