துரு எடுக்கிற பொடி

யாங்கோனின் தாகேதா வட்டாரத்தில் தஸ்லீமாவைப் பார்த்து, "நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபமே வராது. "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். புருஷன் அய்யூப் ஓடைப் பாலத்தைத் தாண்டித் தன் செருப்புக் கடைக்குப் போனால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அழைப்பு வரும்வரை போனைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டாள். சும்மா சொல்லக் கூடாது, யாங்கோனில் இந்த வருஷங்களில் பயப்படாமல் இருப்பவர்களைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனாலும் தஸ்லீமாவின் பயம் ஊரின் பயத்துக்கு மூத்தது.

மோல்மேனில் பிறந்து, பள்ளியில் பர்மியமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்து, இருபத்திரண்டு வயதில் அய்யூபைக் கட்டிக்கொண்டு யாங்கோனுக்கு வந்தவள். முதலில் உண்டானது தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஒன்றுமே இல்லை. ஊர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடையில் உட்கார்ந்து செருப்பு விற்கப் பழகினாள். ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே கால் அளவைச் சொல்லிவிடுவாள், அவ்வளவு கெட்டிக்காரி. இனிமேல் இல்லை என்று மனசை ஆற்றிக்கொண்ட பிறகு, முப்பத்தொன்பதாம் வயதில், மெஹ்ரீன் பிறந்தாள்.

பிறந்த மறுநாளே சயாமா வந்து உட்கார்ந்து விவரம் சொன்னார். டாக்டரம்மாவை அங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம், குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள் என்றார். தஸ்லீமா கேட்டது ஒரே கேள்விதான்: "உசுருக்கு ஒண்ணும் இல்லையே?" சயாமா மறைக்கிற ஆள் இல்லை. இதயத்தைப் பார்த்துவிடலாம், இந்தக் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக வரும், பெரும்பாலும் வராது, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்ந்தாலோ சோர்ந்து விழுந்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். இதயம் நன்றாகவே இருந்தது. அய்யூபின் காதில் விழுந்தது, மெதுவாகப் பேசுவாள் என்பது. தஸ்லீமாவின் காதில் விழுந்தது ரத்தப் புற்றுநோய் மட்டும்தான்.

அன்றிலிருந்து குளிப்பாட்டும்போதெல்லாம் பிள்ளையின் கை கால் முதுகு என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். மெஹ்ரீனோ கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரிப்பாள். ஐந்து வயதில் தமிழும் பர்மியமும் கலந்து பேச்சு வந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செருப்பை மாட்டிவிடுவாள், வலதை இடதில், இடதை வலதில். வாங்க வந்தவர்கள் அவளுக்காகவே அப்படியே நாலு அடி நடந்து காட்டுவார்கள்.

பாங்காக்கில் இருக்கிற தங்கை சைதாதான் அந்தப் பொடியைப் பற்றி முதலில் சொன்னாள். "அக்கா, இந்தப் புள்ளைங்களுக்கு உடம்புக்குள்ள துரு பிடிக்குதாம். இரும்பு துருப் பிடிக்குமே, அந்த மாதிரி. இந்தப் பொடி அதைச் சுரண்டி எடுத்துடுமாம். ஆன்டி ஆக்சிடன்ட்டுன்னு பேரு. புத்தியும் தெளியும், நோயும் அண்டாதுன்னு போட்டிருக்கான்." நோய் அண்டாது என்ற இரண்டு வார்த்தை போதாதா இவளுக்கு? வருகிறவர் போகிறவர் பெட்டியிலெல்லாம் டப்பா டப்பாவாக வந்து இறங்கியது.

ஒன்றரை வருஷம் கொடுத்த பிறகு, ஒரு பரிசோதனைக்குப் போன இடத்தில் அய்யூப் வாயை விட்டான். சயாமா டப்பாவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"துரு என்று சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் இதையெல்லாம் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். கொடுத்த குழந்தைக்கும் கொடுக்காத குழந்தைக்கும் வித்தியாசமே இல்லை. அதோடு இதில் வைட்டமின் ஏ, ஈ இருக்கிறது, செலீனியம் இருக்கிறது. அளவு மிஞ்சினால் உடம்பிலேயே தங்கிவிடும். நிறுத்திவிடுங்கள். இரண்டு பேரும்தான்."

வீட்டுக்கு வந்ததும் அய்யூப் மெஹ்ரீனை நடுவில் உட்கார வைத்தான். "புள்ளை தலைமேல கை வச்சு சொல்லு தஸ்லீ, இனிமே குடுக்க மாட்டேன்னு. உன்னை எனக்குத் தெரியும்."

"நீங்களும் வைங்க மச்சான். நான் மட்டும் என்ன?"

அல்லாஹ்வைத் தவிர வேறெதன்மேலும் சத்தியம் செய்யாதீர்கள் என்று பள்ளிவாசலில் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் கேட்டால்தானே! கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லக்கூடப் பயப்படுகிறவர்கள், பிள்ளை தலை என்றால் உடனே கையை நீட்டிவிடுவார்கள். இரண்டு கையும் அந்தச் சின்னத் தலையில் ஏறின. மெஹ்ரீன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தன் கையையும் மேலே வைத்துக்கொண்டாள்.

தஸ்லீமாவின் சத்தியம் மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் பிள்ளைக்கு லேசாகச் சளி. பொடியை நிறுத்தினதால்தான் என்று உள்ளே ஒரு குரல். நிறுத்தியதும் அது வந்துவிட்டால்? அந்த நோயின் பெயரை அவள் மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டாள், 'அது' என்றுதான். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து, சாயங்கால அஸர் தொழுத கையோடு, ஒரு கரண்டிப் பொடியை மாம்பழச் சாற்றில் கலக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கு இரண்டு பயம். பொய்ச் சத்தியத்துக்கு ஒன்று, கொடுக்காமல் விட்டால் என்ன ஆகுமோ என்று இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் தலை வாரும்போது சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது.

எந்தத் தலையில் கை வைத்துப் பொய் சொன்னாளோ, அந்தத் தலையிலிருந்தே! யாரும் சொல்லாமலே தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள். முடியைத் தாளில் சுற்றி, கொல்லையில் வாழைக்குக் கீழே புதைத்தாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், உபரியாக நஃபில் நோன்பு வைத்தாள். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. நோய்தான் ஆரம்பித்துவிட்டது, பொடி போதவில்லை என்று ஒரு கரண்டியை இரண்டாக்கினாள். என்ன சொல்ல, பயந்தவளிடம் கணக்குக் கேட்க முடியுமா?

அய்யூபிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சத்தியம் உடைந்தது தெரிந்துவிடும். பிள்ளையின் தலையை அவன் பார்த்துவிடுவானோ என்று மாலை ஆனாலே சீக்கிரம் படுக்க வைத்துவிடுவாள். ஆனால் ஒருநாள் அவனே கடையிலிருந்து மஞ்சள் பூப் போட்ட துணித் தொப்பி ஒன்றை வாங்கி வந்தான். "வெயில் கொளுத்துது. எப்பவும் போட்டே இருக்கட்டும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அல்லாஹ்வே அனுப்பியது என்று தஸ்லீமா தொப்பியை இழுத்துக் காதுவரை மாட்டினாள். வீட்டுக்குள் ஏது வெயில் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மெஹ்ரீன் சாப்பிட மறுத்தாள். உதடு வெடித்தது. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பு மாட்டிவிட வரவில்லை. ஒரு வியாழக்கிழமை குளிப்பாட்டும்போது முழங்காலுக்குக் கீழே நீலமாக ஒன்று, தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று. ஏழு வருஷமாக எதைத் தேடினாளோ, அது கண்ணெதிரே இருந்தது. தண்ணீர்ச் சொம்பு கையிலிருந்து விழுந்தது. ஈரத்தோடு பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அய்யூபுக்குப் போன் போட்டாள். "மச்சான், அது வந்துடிச்சு" என்றாள். எது என்று அவன் கேட்கவில்லை. "நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கரண்டு இல்லை, ஜெனரேட்டர் போட்டால்தான் பரிசோதனை இயந்திரம் ஓடும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தஸ்லீமா மனசுக்குள் பிள்ளைக்குக் கஃபன் துணி சுற்றியே பார்த்துவிட்டாள். அப்படி நினைத்ததற்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டாள். எதிரே அய்யூப் சுவரோடு சுவராக நின்றான். கைலியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

சயாமா மெஹ்ரீனின் தொண்டையைப் பார்க்கக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "காலையில் பூண்டு சாப்பிட்டாளா?"

"இல்லை சயாமா. நேத்தியிலேருந்து எதுவுமே சாப்பிடல."

தொப்பியைக் கழற்றினார். நடுமண்டையில் தோல் தெரிந்தது. விரல்களைப் பிடித்து நகங்களைத் திருப்பிப் பார்த்தார், வெள்ளைக் கோடு கோடாக இருந்தன. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தஸ்லீமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பொடியைக் கொடுக்கிறாயா?"

அய்யூப் அங்கேதான் நின்றான். தஸ்லீமா இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாளோ அது இப்போது சின்னதாகத் தெரிந்தது.

"குடுக்கிறேன் சயாமா. மூணு நாள்தான் நிறுத்தினேன். ஒரு கரண்டி. முடி கொட்டினப்புறம் ரெண்டு. புள்ளை தலையில கை வச்சுப் பொய் சொன்னேன். எனக்குத் தண்டனை குடுக்கிறதுக்கு அவளை எடுத்துக்கிறான் அல்லாஹ்." அவள் புருஷனைப் பார்த்தாள். "அடிங்க மச்சான். அடிச்சுப் போடுங்க."

அய்யூப் அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். மஞ்சள் நிற எண்ணெய்க் குப்பி மாத்திரைகள், பாதி காலி.

"நானும்" என்றான். அவ்வளவு பெரிய மனுஷன் குரல் உடைந்து அழுதான். "கமால் மருந்துக் கடையில வாங்கினேன். காலையில மோஹிங்கா வாங்கித் தருவேன், அந்த மீன் சாறுல உடைச்சு ஊத்திடுவேன். பேச்சு நல்லா வரும்னு நினைச்சேன். நீ நிறுத்திட்டேன்னு நினைச்சுத்தான் தஸ்லீ... ஒருத்தராவது குடுக்கணுமேன்னு..."

சயாமா அட்டையைப் படித்தார். பொடியில் இருந்த அதே ஏ, அதே ஈ, அதே செலீனியம். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பர்மிய மொழியில் இவ்வளவு வசவு இருக்கிறது என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெனரேட்டர் ஓடியது. தாள் வந்தது. சயாமா அதைப் படித்து முடித்தார்.

"புற்றுநோய் இல்லை. ரத்த அணுக்கள் சரியாக இருக்கின்றன. ஈரல் வீங்கியிருக்கிறது. முடி, நகம், அந்தப் பூண்டு நாற்றம், இந்த நீலம், எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் கொடுத்தது. இன்றோடு நிறுத்தினால் இறங்கிவிடும். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால்..." தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். "ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் போனது? இவள்தான் பேசுகிற குழந்தையாயிற்றே, ஒரு வார்த்தை சொல்லவில்லையா?"

"வாப்பாட்ட சொல்லாதேன்னு சொல்லி வச்சிருந்தேன் சயாமா" என்றாள் தஸ்லீமா.

அய்யூப் தலையைத் தூக்கினான். "உம்மாட்ட சொல்லாதேன்னுதான் நானும் சொன்னேன்."

இருவரும் மெஹ்ரீனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து மாதம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புத்தி தெளியட்டும் என்று யாருக்கு ஊட்டினார்களோ, அவள் இரண்டு பேர் சொன்னதையும் ஒன்றோடொன்று கலக்காமல், ஒரு நாள்கூட வாய் தவறாமல் காப்பாற்றியிருந்தாள். தலை வலித்தபோதுகூட.

மெஹ்ரீனின் முகம் வெளிறியிருந்தது. கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். ஒரு கையால் உம்மாவின் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் குனிந்த வாப்பாவின் வாயை எட்டி இன்னொரு கையால் பொத்தினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சொல்லாதே, சொல்லாதே" என்றாள்.