ஊதா மருந்துக்கு அடங்காத அரிப்பு

தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் கேம்ப் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தபோது, ஒருநாள் காலை ஓ.பி. திறந்ததுமே சுரங்கத்துக்குள் மரமுட்டு கொடுக்கும் டிம்பர்மேன் முனுசாமி டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றான். பின்னால் அவன் பெண்டாட்டி சரோஜா, அழுது வீங்கிய முகத்தோடு.

"இன்னா சிஸ்டர், இவளுக்கு கெட்ட சீக்குதானே? ஆமான்னு சொல்லுங்க, இப்பவே குடியாத்தம் பஸ் ஏத்தி அம்மா வூட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டதே என் வாய்தான்.

சரோஜாவுக்கு மூன்று மாதமாக வெள்ளைப்பாடு, உட்கார விடாத அரிப்பு. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் படிந்திருந்தது. பார்த்ததுமே ஈஸ்ட் பூஞ்சை என்று தெரிந்துகொண்டேன். பேக்கரியில் ரொட்டி மாவைப் பொங்கவைக்கிறதே, அதற்குப் பங்காளி. எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், இடம் கொடுத்தால் பெருகிவிடும். ஊதா மருந்து தடவினேன். அடங்கியது, திரும்ப வந்தது. இரண்டாம் தடவை வந்தபோது பெரிய கெட்டிக்காரி மாதிரி, "வீட்டுக்காரர் வெளியே கிளியே போறாரா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் போய் அவனிடமே கேட்டிருக்கிறாள். "நான் ஒழுங்காத்தான் கீறேன், அப்ப நீதான்" என்று அவன் பிடித்துக்கொண்டான். அது நடந்து பதினைந்து நாளாகியிருந்தது.

டாக்டர் வர நேரமிருந்தது. "வீட்ல இன்னா வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"உடம்பு சூடுன்னாங்க. தினம் பால்ல கற்கண்டு போட்டுக் குடுத்தோம். நான்தான் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல பொட்டலம் பொட்டலமா வாங்கியாந்தேன்" என்றான் முனுசாமி.

"சரோஜா, தண்ணி நிறைய குடிக்கிறியா?"

"சொம்பு சொம்பா, சிஸ்டர். ராவுல நாலு தபா எழுந்து ஒண்ணுக்குப் போறேன்."

அட மண்டு, இதை முதல் நாளே கேட்க வேண்டாமா என்று என்னையே திட்டிக்கொண்டு, சிறுநீர் பிடிக்கப் பாட்டிலைக் கொடுத்தேன். சக்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பெனடிக்ட் மருந்தில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது.

"பாருப்பா, இது சக்கரை வியாதி. சக்கரை ஏறினா ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். உன் பெண்டாட்டி நடத்தைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

முனுசாமி பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான்தான் கற்கண்டு குடுத்து வளர்த்தேனா?"

டாக்டர் வந்து சக்கரைக்கு மாத்திரையும் பத்தியமும், உள்ளே வைக்க, ஈஸ்டைக் கொல்லும் நிஸ்டாடின் மாத்திரையும் எழுதினார். அரிப்பு நின்றாலும் பாதியில் விடக்கூடாது என்றார். மூன்றாம் வாரம் சரோஜா சிரித்துக்கொண்டு வந்தாள். முனுசாமியும் அவளோடு சேர்ந்து சக்கரை இல்லாத டீதான் குடிக்கிறானாம். எனக்கு மனசு நிறைந்துபோனது.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுடும்மா" என்றேன்.

"பரவால்ல சிஸ்டர். அந்தப் பதினஞ்சு நாளும் அவரு என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. அதத்தான் தாங்க முடியல."

அதற்கப்புறம், அரிப்பென்று இரண்டாம் தடவை யார் வந்தாலும் நான் நீட்டியது பாட்டிலைத்தான். நாக்கை நீட்டவில்லை.