சௌந்தரம் ஊற்றிய எண்ணெய்

சௌந்தரம் அத்தையின் மினி டிராக்டர் இரண்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று வாரம் ஒருமுறை அத்தையே ஏறி ஸ்டார்ட் செய்வாள். பின்னால் மாட்டியிருக்கும், சுழலும் கத்திகளால் சேறு உழும் ரோட்டவேட்டரை லிஃப்டால் தூக்குவாள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்ப்பாள். யாரும் தொடாமலே அது இறங்க ஆரம்பிக்கும். சத்தமே இருக்காது. களைத்துப்போன ஆள் கையை ஊன்றி மெல்ல உட்காருவதைப் போல இறங்கி, அரை மணி நேரத்தில் தரையைத் தொட்டுவிடும்.

"சேரன் எறக்குறான்" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். சேரன் மாமா அத்தையின் கணவர். அந்த ரோட்டவேட்டருக்கு அடியில்தான் செத்துப்போனார்.

சேறு உழும்போது அறுத்த நெல்லின் பழைய தாளும் வைக்கோலும் கத்திகளில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். புவனகிரிப் பக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். லிஃப்டைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, அடியில் மல்லாந்து படுத்து அரிவாளால் அறுத்து எடுப்பார்கள். கட்டை முட்டுக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மாமாவும் அப்படித்தான் படுத்தார். முதுகு சேற்றில் புதைந்திருந்தது. இறங்குவது தெரிந்தபோது சட்டை கத்தியில் மாட்டியிருக்க வேண்டும். அத்தை சோறு எடுத்துக்கொண்டு போனபோது வயலில் டிராக்டர் மட்டும்தான் தெரிந்தது.

லிஃப்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கும் என்றார்கள். அத்தை மறுப்பேதும் சொல்லவில்லை.

இந்த வருடம் சம்பாவுக்கு வண்டியை எடுப்பது என்று அவளே முடிவு செய்தாள். ஓட்ட எங்கள் தெரு இளவரசு சம்மதித்தான், லிஃப்டைச் சரி செய்தால். மெக்கானிக் நவ்ஷாத் வந்து எண்ணெயை வடித்தான். விரலில் தொட்டு உரசிப் பார்த்தான்.

"என்னாக்கா, தண்ணி மாதிரி ஓடுது. யாரு ஊத்துனது?"

"அவருதான்" என்றாள் அத்தை, பட்டென்று.

மறுநாள் எண்ணெய் வாங்க நானும் அவளும் சிதம்பரம் போனோம். வெளிநாடெல்லாம் சுற்றிவிட்டு வந்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிடந்த எனக்கு, யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவது பழக்கமாகியிருந்தது. அப்துல் ஜலீல் பாயின் கடையில் டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"பாய், மினி டிராக்டருக்கு ஐட்ராலிக் ஆயிலு வேணும்."

"பரவால்ல, வண்டி பேர சொல்லிக் கேக்குற. இங்க வர்றவன்ல ஜாஸ்தி பேரு செவப்பு ஆயிலு குடு, மஞ்ச ஆயிலு குடுங்குறான். நான் என்னா ஜவுளிக்கடையா வச்சிருக்கேன்?"

பாய் இரண்டு டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது பட்டறை மெஷினுக்கு ஊத்துறது. இது டிராக்டருக்கு. ஒன் வண்டியில கியரு, பிரேக்கு, லிஃப்ட்டு மூணுக்கும் ஒரே டேங்க்கு. மூணுக்கும் ஒத்துவர்றது இந்த டிராக்டர் ஆயிலுதான். அந்த மெஷின் ஆயிலு இதவிட தண்ணி. லிஃப்ட்டு மெதுவா எறங்கும், வண்டி சூடாச்சுன்னா நிக்கவே நிக்காது."

அத்தை மெஷின் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதையே குடுங்க."

"இவ்ளோ நேரம் நான் யாருகிட்டம்மா பேசுனேன், செவுத்துகிட்டயா?"

அத்தை என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"நான் ஊத்துனதுடி அது. கடலூர்ல என் தம்பி பிரஸ் பட்டறையில வேல பாக்குறான்ல, செந்தமிழ்செல்வன். வண்டிக்கு ஆயிலு மாத்தணும்னப்ப அவன்கிட்ட ரெண்டு கேன் கேட்டு வாங்கியாந்தேன். இரும்புத் தகட்டையே அமுக்குற மெஷின் ஆயிலு, ரோட்டவேட்டர தூக்காதான்னு நெனச்சேன். ஒங்க மாமா சிதம்பரம் போயி வாங்கியாரேன்னாரு. நாந்தான் நாத்து முத்திப்போவுது, இதையே ஊத்துன்னேன்."

அத்தை உள்ளே மேசைமேல் இருந்த டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"சீலு போயிருந்தா எந்த ஆயிலு ஊத்துனாலும் எறங்கும். நல்ல ஆயிலு ஊத்தி எறங்கலன்னா? அப்ப நான்தானே? பழையதையே ஊத்திட்டா ஒண்ணும் தெரியாமலே போயிடும்ல?"

உள்ளிருந்து பாய் கேட்டார். "வண்டிய யாரும்மா ஓட்டப் போறது?"

"இளவரசு."

"அவன் மிதிக்கிற பிரேக்கும் இந்த ஆயிலுக்குள்ளதான் முங்கிக் கெடக்கு. அதையும் யோசிச்சுக்க."

சாலையில் கடலூர் பஸ் ஒன்று போனது. அது கண்ணைவிட்டு மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், "டிராக்டர் ஆயிலே குடுங்க பாய்" என்றாள்.

நவ்ஷாத் எண்ணெயை மாற்றி, சூடேற ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டினான். கொட்டகைக்குக் கொண்டுவந்து ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினான். பக்கத்தில் மூங்கில் ஒன்றை நட்டு, கத்தியின் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டான். வழக்கமாக இறங்கத் தொடங்கும் நேரம் வந்தது. அத்தையின் உதடுகள் அசைந்தன. இறங்கு இறங்கு என்று அவள் சொல்வது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரமும் போனது. கோடும் கத்தியும் விலகவில்லை.

"சூப்பருக்கா!" நவ்ஷாத் தொடையில் தட்டினான். "சீலு பக்காவா இருக்கு. அன்னிக்கும் சீலு ஒண்ணும் ஆவலக்கா. எல்லாம் அந்த ஆயிலு பண்ண வேல."

"நவ்ஷாத்து, அத ஊத்துனது அவரு இல்லப்பா. நான்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துடைத்த கையையே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"தெரியாமதானக்கா செஞ்சீங்க."

"தெரிஞ்சவங்கள கேட்டிருக்கலாம்ல."

அத்தை கடலூருக்குப் போன் போட்டாள். மாமாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு செந்தமிழ்செல்வன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கேட்டால் பட்டறையில் லீவு தரவில்லை என்பான்.

"தம்பி, வண்டிக்கு ஆயிலு மாத்துனோம். லிஃப்ட்டு எறங்கலடா."

பட்டறையில் தகடு அமுங்கும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.