மாடியிலிருந்து இறங்கி வந்த வைவா

போன மாதம் திருச்சிக்குப் போனது சாமி கும்பிட இல்லை. என் தோழி அலமேலுவுக்குத் தத்துவத்தில் பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இதைக் கதவைத் திறந்துவைத்துத்தான் நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று இருந்தது. சக்கர நாற்காலியில் போகிற நானும் அந்த அனைவரில் சேர்த்திதானே என்று டிக்கெட் போட்டேன்.

சென்னையிலிருந்து பகல் ரயில், ஐந்தரை மணி நேரம். ஜங்ஷன் வரை போகாமல் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கிவிடுங்கள். சின்ன ஸ்டேஷன், நெரிசல் குறைவு. வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பதால் டிக்கெட் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். லாட்ஜுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். "சேரை மடக்கிப் பின்னால வெச்சுக்கலாம்மா, நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றார் டிரைவர்.

எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் நானும் அலமேலுவும் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். அவள் பச்சைமலைப் பழங்குடிப் பெண். பேரைக் கேட்டவர்கள் ஸ்ரீரங்கத்துக்காரி என்று நினைத்து மேலே பேசுவார்கள். ஊரைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். சாயங்காலம் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, 'நான்' என்றால் எது என்று சண்டை போடுவாள். நாலு வீதி சுற்றி முடித்தாலும் சண்டை முடியாது. போன மாதம் வந்து இறங்கிய அன்று மாலை நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அதே வீதிகளில் ஒரு சுற்றுப் போனேன். 

எங்கள் துறை மாடியில் இருந்தது. தினமும் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் துப்பட்டா எங்கே விலகுகிறது, யார் கை எங்கே படுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனால் முதல் அரை மணி பாடம் காதில் ஏறாது. எம்.ஏ. முடிந்ததும் பேங்க் பரீட்சை எழுதிவிட்டேன். தத்துவத்தை விட்டது இன்றைக்கும் வலிக்கிறது.

அலமேலு விடவில்லை. பல வருஷம் கழித்தாவது வந்து ஆராய்ச்சியில் சேர்ந்தாள். 'இது மானுடவியல், தத்துவம் இல்லை' என்று துறையில் அவள் ஆய்வைத் திருப்பித் திருப்பி அனுப்பியும் விடவில்லை. அவள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் வெளியே நிற்பார்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே கிடப்பார்கள். அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவை ஊரே எடுத்தது என்று எப்படிச் சொல்வது? அதுதான் அவள் கேள்வி. தத்துவ வகுப்பறையைப் பார்த்தும் அதையே கேட்டு மூன்றாவது அத்தியாயம் எழுதியிருந்தாள்.

மறுநாள் காவிரிப் பாலம் தாண்டி, ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கொடுத்து, பத்தரைக்கு நாங்கள் படித்த அதே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பதினோரு மணிக்கு வைவா, முதல் மாடியில். லிப்ட் போட்டாயிற்று என்று அலமேலுவிடம் சொல்லியிருந்தார்கள். போட்டது உண்மை, ஓடவில்லை.

"நாலு பேர் பிடிச்சா ஒரு நிமிஷம்மா" என்றார் அங்கிருந்த உதவியாளர். என் கை தானாகத் துப்பட்டாவை இழுத்துப் பிடித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அலமேலுவுக்குப் போன் பண்ணினேன்.

"நீ ஆரம்பிடி. நான் கீழயே இருக்கேன். கேள்வி கேக்க வெளியூர்லேருந்து வந்த சார் மத்தியானம் பிளைட் பிடிக்கணும்ல."

"அப்ப என் மூணாவது சாப்டரைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். இருடி, வரேன்."

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பின்னாலேயே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். "இன்னிக்கு நடக்கலைன்னா அவர் மறுபடி எப்ப வருவாரோ! எட்டு வருஷ ஆராய்ச்சிம்மா!" நான் அவளைப் பார்த்தேன். என்னால் அவள் பட்டம் போய்விடுமோ?

அவள் அசையவில்லை. "அனைவரும் வருகன்னு போட்டிருக்கோம் சார். இவ வந்துட்டா. நாமதான் இன்னும் வரலை."

கடைசியில் அந்த வெளியூர்த் தேர்வாளரே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "கேன்டீன் கீழதானே? காபியும் கிடைக்கும், வாங்க" என்றார். கேஸ் சிலிண்டர் உருட்ட அங்கே ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அதில் நானே ஏறிப் போனேன். கேன்டீன்காரர் கிரைண்டரை நிறுத்தினார். வடை வாசனையில் வைவா தொடங்கியது.

"இது தத்துவம்தானா?" அதே கேள்வியைத் தேர்வாளரும் கேட்டார்.

"யாரைக் கூட்டத்துல சேர்க்கலைன்னு சொல்றது மானுடவியலா இருக்கலாம் சார். சேர்க்காமலே உண்மை எங்களுக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றோம்? அது தத்துவம்தான்."

அடுத்து பார்வையாளர்கள் முறை. கை தூக்கினேன். "ஆய்வுக்காகப் போனப்ப உங்க ஊர்க் கூட்டத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

அவளுக்குக் குரல் உடைந்தது. "வெளியில. நின்னுக்கிட்டேதான் எழுதினேன். டாக்டர்னு ஆனப்புறமும் அங்கதான் நிப்பேனான்னு தெரியலை."

 பிறகு தேர்வாளர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். கைதட்டலில் அலமேலு என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும்தான்.

திருச்சிக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு: ஸ்ரீரங்கத்து வீதிகள் சமதளம், அதிகாலையில் சுற்றுங்கள். மலைக்கோட்டையைக் கீழேயிருந்து பாருங்கள், அதுவும் அழகுதான். யாராவது 'அனைவரும் வருக' என்று அழைத்தால் எந்த மாடி என்று கேளுங்கள். தூக்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், கூட்டத்தைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லலாம் என்று எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. இருபத்திரண்டில் தெரிந்திருந்தால் அந்தக் கேன்டீனில் என்னுடையதும் சேர்த்து இரண்டு வைவா நடந்திருக்கும்.