உசார்த்துணை

“அம்மா, நாங்கள் ஏன் ஒரு நாளும் யன்னலடியிலை இருக்கிறேல்லை?” என்று ஒன்பது வயதாகும் என் மகள் ஷரோன் நூலகத்தில் வைத்துக் கேட்டாள். கேட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. அவள் கேட்ட அந்தக் கணத்தில், நெப்தலின் உருண்டையும் மாரிக்காற்றில் ஈரம் ஊறிய கடதாசியும் கலந்த ஒரு மணம் என் மூக்கில் ஏறியது. அந்தக் கட்டிடத்தில் இப்போது அப்படி ஒரு மணமே இல்லை. நான் அவளுடைய வயதில் இருந்தபோது அங்கே உள்ளறையில் இருந்த மணம் அது.

அப்போது எங்கள் வீடு பாலையூற்றில். அப்பா வெளிநாட்டில் வேலை செய்தார்; அம்மா ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளர். பள்ளிக்கூடம் விடுவது மத்தியானம், கந்தோர் விடுவது பின்னேரம். பெரியவர்கள் எல்லோரும் ‘பிரச்சினை’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பிட்ட சண்டைக்காலம் அது என்பதால், என்னைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த நூலகத்தில், அம்மா நூலகர் மிஸ்ஸிடம் சொல்லி, வீதியைப் பார்த்த முன்மண்டபத்தில் அல்லாமல் யன்னலே இல்லாத உள்ளறையில் என்னை இருத்தினார். “யன்னலடியிலை இருக்காதை பிள்ளை. சத்தம் கேட்டா வெளியிலை ஓடாதை. நான் வந்து கூப்பிடுமட்டும் உசாரா இரு” என்பது, காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது அவர் தினமும் சொல்லித் தந்த பாடம்.

உள்ளறை வாசலில் ஒரு மரப்பலகை தொங்கியது: ‘உசாத்துணைப் பகுதி’. எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்றே நான் நினைத்தேன். அது ‘உசார்த்துணை’. உசாராக இருக்கும் பிள்ளைகளுக்குத் துணையான அறை. அம்மா வாயால் சொன்னதை நூலகம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்த அறைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கண்ணாடி அலுமாரியில் இருந்த கலைக்களஞ்சியத்தை மடியில் வைத்து வாசித்தால் கால் விறைத்துப்போகும். அம்மா எந்த நேரம் வருவார் என்று தெரியாது. அடுத்த நாள் போனால் அந்தத் தொகுதியை வேறு யாராவது வைத்திருப்பார்கள். ஆகவே நான் வாசித்ததெல்லாம் அரைகுறை. திமிங்கிலம் எப்படி மூச்சு விடும் என்று எனக்குத் தெரியும், என்ன தின்னும் என்று தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தில் வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. எரிமலை வெடித்த வரைக்கும் வாசித்தேன். அது அடங்கிய பக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை.

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். பத்திரிகை வாசிக்க வந்த வயதானவர்கள்கூட ஒரு கணம் தலை நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மிஸ் இருந்த இடத்தில் இருந்தபடியே “கப்பல், கப்பல்” என்பார். உடனே பக்கங்கள் புரளும் சத்தம் மறுபடி தொடங்கும். அதைவிட ஆறுதலான சத்தத்தை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை.

படிக்கப் போன ஊரிலும் வேலைக்குப் போன ஊரிலும் நான் முதலில் விசாரித்தது நூலகம் எங்கே என்றுதான். “இஞ்சரும், உமக்கு மாப்பிள்ளை பாக்காமல் ஒரு புத்தக அலுமாரியைக் கட்டி வைச்சிருக்கலாம்” என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் எந்த நூலகத்திலும் நான் சுவரில் முதுகு சாய்த்துத்தான் இருக்கிறேன் என்பதை அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, மகள் கேட்கும்வரை.

அவள் அதைக் கேட்ட சனிக்கிழமை, திரும்ப ஊரோடு வந்துவிட்ட நாங்கள் அதே பழைய நூலகத்தில் வழமைபோல் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்தோம். கப்பல் ஊதியது. நான் எழுந்து அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“கப்பல்தானே அம்மா. கையை விடுங்கோ, நோகுது” என்றாள். அதற்குப் பிறகுதான் யன்னலைப் பற்றிக் கேட்டாள். நான் மேசையில் கிடந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கவே, “அப்ப வெள்ளிக்கிழமையிலை ஸ்கூல் விட்டதும் நான் ஹஸ்னாவோடை நடந்து இங்கை வரட்டே? யன்னலடியிலை இருந்து வாசிப்பம். நீங்கள் பிறகு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள். ஹஸ்னா அவளுடைய வகுப்புத் தோழி.

“பாப்பம் மகள்” என்றேன்.

“உங்கடை ‘பாப்பம்’ எண்டா ‘ஏலாது’ தானே!”

அன்று பின்னேரம், இப்போது தம்பியோடு கட்டைபறிச்சானில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் காலத்தில் என்னைத் தனியே விட உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“பயமில்லாமலே விட்டனான் எண்டு நினைக்கிறாய்? உன்னையே நினைச்சுப் பிழை பிழையா டைப் அடிச்சு, கந்தோர்ப் பெரியவரிட்டை எவ்வளவு பேச்சு வாங்கினனான்! லைப்ரரியிலை ‘சத்தம் போடக்கூடாது’ எண்டு எழுதிப் போட்டிருந்தவை பிள்ளை. அந்த வெடிச்சத்தத்துக்கை வேறை எங்கை அப்பிடி எழுதிக் கிடந்தது?”

அம்மா பயந்துகொண்டே என்னை விட்டார். சண்டை ஓய்ந்த இந்த நல்ல காலத்தில், பள்ளிக்கூடத்து வாசலில் நின்றால் நூலகத்தின் கூரை தெரிகிற தூரத்துக்குக்கூட, நான் பயத்தால் ஷரோனை விடாமல் இருக்கிறேன். நான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது வாசிப்பையா, சுவரோரத்தையா என்று யோசித்தால் சமையலில் உப்புப் போட்டேனா என்பதுகூட மறந்துபோகிறது.

கண்ணாடி அலுமாரிகள் போய்விட்டன. மிஸ் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். உள்ளறையின் கடற்பக்கச் சுவரை இடித்துப் பெரிய யன்னல் வைத்ததில், யன்னல் இல்லாத அந்த அறையே இப்போது இல்லை. துறைமுகத்து வெளிச்சம் மேசை வரைக்கும் வருகிறது. பலகைகூடப் புதியது. போன சனிக்கிழமை ஷரோன் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “உசாத்துணை எண்டா என்னம்மா, சொல்லுங்கோ பாப்பம்?” என்று என்னைச் சோதித்தாள்.

“உசாரா இருக்கிறவைக்குத் துணை” என்றேன்.

பட்டம் படித்தவள் நான். சரியான பொருள் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் முதலில் வந்தது அதுதான். அவள் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “உசார் இல்லையம்மா, உசாவுறது! டீச்சர் சொன்னவ. தெரியாட்டி ஆரையும் கேக்கிறது.”

உசாராக இருக்க நான் நன்றாகப் பழகிவிட்டேன். உசாவத்தான் பழகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல் உள்ளறைகளில் வளர்ந்து இப்போது பிள்ளை வளர்க்கிறவர்கள் இதை வாசிக்கும் உங்களிலும் இருப்பார்கள். பிள்ளையை முதன்முதலாகத் தனியே விட்ட அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்? எது கவனம், எது பழைய பயம் என்று எப்படிப் பிரித்துக் கண்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த தவணை தொடங்கும்போது முடிவு சொல்வதாக ஷரோனிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் அவள் கேட்கும்போதெல்லாம் ‘பாப்பம்’ என்றுதான் சொல்லி வருகிறேன். ஆனால் இந்த முறை உண்மையாகவே பார்க்கத்தான் நினைக்கிறேன்.