வால்வு லைன் பெல்ட் ஏன் நின்றது

ஆவூர் சந்தனமேரிக்குச் சென்னைக் கம்பெனி வேலை வீட்டுக்கே வந்து ஐந்து வருஷமாகிறது. கணவர் பெலிக்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். விராலிமலைக்குப் பக்கத்தில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு வால்வையும் கேமரா படம் பிடிக்கும். புரோகிராம் அந்தப் படத்தை நேராகக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கிடம் கொடுத்துவிட்டு, எழுதி முடியும்வரை காத்திராமல் அடுத்த படத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அது திணறியது. கூடவே பெல்ட்டும் நின்றது.

"டிஸ்க்குக்கு வயசாயிருச்சுக்கா, ஸ்லோவா இருக்கு. மாத்திருங்க" என்று லைன் பொறுப்பில் இருந்த அமிர்தவல்லியிடம் அடித்துச் சொன்னாள் சந்தனமேரி. மாற்றினார்கள். புது டிஸ்க்கிலும் பெல்ட் நின்றது.

"என்ன மேரி, இதுக்கும் வயசாயிருச்சா?" என்று ஃபோனில் அமிர்தவல்லி கேட்டதும் இவளுக்குக் காது சூடாகிவிட்டது. உடனே ஸ்கூட்டரை எடுத்தாள்.

தொழிற்சாலைக்குப் போய் டிஸ்க்கைத் தனியாகச் சோதித்தாள்; வேகத்தில் பறந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரு ஃபைலின் மேலேயே எழுதிப் பார்த்தாள், அதுவும் பறந்தது. புது ஃபைல் என்றால்தான் தடுமாற்றம். எழுதச் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நேரத்தை அளந்தாள். ஃபைல் நீளும்போதெல்லாம், அதற்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்கி முடியும்வரை கட்டளை திரும்பி வரவே இல்லை. காத்திராது என்று அவள் நம்பிய இடத்தில்தான் புரோகிராம் காத்துக் கிடந்தது. ஃபைலைத் துண்டு துண்டாக நீளவிட்டது அவள் எழுதிய வரி.

சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு கேட்கவில்லை.

"அக்கா, டிஸ்க்குல ஒண்ணுமில்ல. தப்பு என் புரோகிராம்லதான். வீணா மாத்த வச்சுட்டேன்."

அமிர்தவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்கிட்டு ரிப்பேருக்கு வாரவங்க எல்லாரும் எங்க மேலதான் பழியப் போட்டுட்டுப் போவாங்க. தன் தப்புன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்துவிட்டு டீ சொன்னாள்.

சந்தனமேரி முதலில் ஃபைலுக்கு வேண்டிய இடத்தை மொத்தமாக ஒதுக்கி மட்டும் வைத்தாள். திணறல் பாதிதான் குறைந்தது; ஒதுக்கிய இடமானாலும், அதில் முதல் தடவை எழுதும்போது கட்டளை காத்திருந்தது. பிறகு ஃபைல் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பி, அதன் மேல் படங்களை எழுத வைத்தாள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் இது தானாக நடக்கும்படி செய்தாள். மதியம் பெல்ட் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அமிர்தவல்லி கை தட்டினாள்.

வால்வுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அழகி மட்டும் முறைத்தாள். "நல்லா இருக்கே! பெல்ட் நின்னா ஒரு வாய் தண்ணி குடிப்போம். இனி அதுக்கும் வழியில்லயா?"

மூவருமே சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அமிர்தவல்லி அதை விட்டுவிடவில்லை. மேலதிகாரியிடம் பேசினாள். அடுத்த வாரத்திலிருந்து ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம் ஓய்வு கிடைத்தது.