பாஜு கூரோங் உடுத்திப் பள்ளிக்குப் போன நாள்

மகளை டவுனில் இருக்கும் இடைநிலைப் பள்ளியில் சேர்த்த அன்று நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். தலை நிறைய மல்லிகை, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அப்படித்தான். விளையாட்டுப் போட்டியோ பரிசளிப்போ, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்றால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் திருவிழாவுக்குப் போவதுபோலக் கிளம்பிவிடுவோம். பிள்ளைக்குச் செய்கிற மரியாதை அது. டவுன் பள்ளியில் வேறு வழக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அங்கே மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், அரசாங்க ஆபிசில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் என்று பலர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் பாஜு கூரோங்கில். கழுத்திலிருந்து முழங்கால்வரை தளர்ந்த சட்டை, கீழே கணுக்கால் மறைய நீளப் பாவாடை. மற்றவர்கள் சிலுவார் என்கிற நீளக் கால்சட்டை போட்டிருந்தார்கள். பட்டு உடுத்தியிருந்தது நான் ஒருத்திதான். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

“வீட்டுல இன்னிக்கு விசேஷங்களா?”

எனக்கு முகம் எரிந்தது. என் பிள்ளை இவ்வளவு பெரிய பள்ளிக்கு வந்திருக்கிறாளே, அது விசேஷம் இல்லையா தாயே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். “அடுத்த தடவ எல்லாரு மாதிரியும் வாம்மா.”

அந்த அடுத்த தடவை நல்ல நேரத்தில் வரவில்லை. என் கணவர் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். கொழுந்து ஏற்றி வந்த லோரி மழையில் சரிவில் வழுக்கிக் கவிழ்ந்து, அவருக்குத் தொடை எலும்பு முறிந்துபோனது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு இனிப்பு நீர் வியாதி வேறு. இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று டாக்டர்களே யோசித்தார்கள். நாளைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் பள்ளியில் ரிப்போர்ட் கார்டு கொடுக்கும் அதே நாளைக் குறித்தார்கள். நான் ஈப்போவுக்கு வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் கேட்கவில்லை.

“தம்பி இங்க இருக்கான்லா. நீ வந்து என்னா செய்யப் போற, கதவுக்கு வெளிய ஒக்காந்து அழுவப் போற. புள்ளைக்கு ஆள் வேணும். நல்லா உடுத்திட்டுப் போய் கார்டு வாங்கு.”

அன்று விடியும்போது பள்ளி வேன் வந்து நின்றது. மகள் படியிலிருந்து இறங்கவில்லை.

“அப்பாவுக்கு ஒன்னும் ஆவாதுல்லம்மா?”

“ஒன்னும் ஆவாது. சாயங்காலம் வரைக்கும் நீ காத்திருக்க வேணாம். மத்தியானம் கார்டு வாங்க வருவேன்ல, நானே வந்து சொல்றேன்.”

அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

பாஜு கூரோங் என்னிடம் ஏது? அடுத்த வீட்டுத் தங்கச்சி கொடுத்தாள். சுற்றுலாக்காரர்கள் வரும் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி கடையில் நிற்கிறவள். ஊர் உலகத்துச் சனம் முழுக்கத் தன் கண் முன்னால்தான் போகிறது, உடுப்பைப் பற்றித் தன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பது என்பாள். வெள்ளைத் துணியில் அங்கங்கே நீலத்தில் பொடிப் பூ. போட்டுப் பார்த்தேன். கழுத்து மூடிய சட்டை, தாலி உள்ளே போய்விட்டது. கைப்பக்கம் இறுக்கம், வளையல்களைக் கழற்றி வைத்தேன். முந்தின நாள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்த வாடை தலையில் இருந்ததால் முழுகியிருந்தேன். ஈரத்தலையில் பூ வைக்கவில்லை.

“இந்தத் துணிக்குக் குங்குமம் வேணாங்கா. கொட்டுச்சுன்னா கறை போவாது. டவுன்ல ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒட்டிக்கோங்க, டீச்சருங்கல்லாம் அதான் வெக்கிறாங்க” என்றாள்.

அவள் துணி, அவள் சொல்வது நியாயம்தானே. குங்குமத்தை அழித்தேன்.

கொழுந்தன் போன் வந்தது அப்போதுதான். “அண்ணி, முடிஞ்சிருச்சு. நல்லாருக்காரு. முழிச்சிட்டாரு, டீ கேக்குறாரு.” நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு ஓடினேன். ரிங்லெட்டில் ஏறிய பஸ் பாதி வழியில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டவுனில் இறங்கும்போது நேரம் தாண்டிவிட்டது. கடைக்குப் போய்ப் பொட்டு வாங்க எங்கே நேரம்? போனால் போகட்டும், அங்கே யார் என் நெற்றியைப் பார்க்கப் போகிறார்கள் என்று நேரே பள்ளிக்கு நடந்தேன். வாசல் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது திருப்தியாகவே இருந்தது. எல்லாரையும் போலத்தான் இருந்தேன்.

மகள் வகுப்புக்கு வெளியே தோழிகளோடு நின்றிருந்தாள். நல்ல சேதியோடு வருகிறேன் அல்லவா, கையை ஆட்டினேன். அவள் கண் என் முகத்துக்கு வந்தது, நெற்றியில் நின்றது, வெறும் கைக்குப் போனது, மறுபடியும் நெற்றிக்கு வந்தது. புத்தகப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“அப்பா செத்துட்டாராம்மா?”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்ன பேச்சுடி பேசுகிறாய் என்று அதட்ட வாயெடுத்தவள், அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் நெற்றி. ஐயோ கடவுளே! பொட்டில்லை, பூவில்லை, வளையலில்லை, உடம்பில் வெள்ளைத் துணி. நானே வந்து சொல்கிறேன் என்றுவேறு சொல்லியிருந்தேனே. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெட்கமாவது ஒன்றாவது. அத்தனை பெற்றோர் நடுவில் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுத் தாலியை வெளியே இழுத்தேன். அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இந்தா பாரு. இருக்கு பாரு. அப்பா நல்லாருக்காரு! ஆபரேஷன் முடிஞ்சு டீ கேக்குறாராம். பாருடி, கண்ணத் தொறந்து பாரு!”

அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். மலாய்க்கார அம்மா ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஆசிரியை வெளியே ஓடிவந்து, எங்காவது வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். என்ன நடந்தது என்று அங்கே விளங்கிக்கொண்டது ஒரே ஒருவர்தான். முன்பு விசேஷமா என்று கேட்டாரே, அந்தப் பெண். அவர் கண் கலங்கியிருந்தது. மகளின் புத்தகப்பையை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். அவர்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மகளுக்கு என் வார்த்தை போதவில்லை. போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி அவள் கையில் கொடுத்தேன். கொழுந்தன் எடுத்து அண்ணன் காதில் வைத்தான்.

“யாரு அழுவுறது? மார்க்கு கொறஞ்சிருச்சா?” என்றார். மருந்து மயக்கத்தில் குரல் இழுத்தது.

“அம்மா பொட்டு வெக்காம வந்துட்டாங்கப்பா” என்றாள் அவள்.

 

“ஒங்கம்மாவ வெக்கச் சொல்லு” என்றார். “நான் இன்னும் இருக்கேன்லா.”

மகள் போனை என்னிடம் கொடுத்தாள். தன் நெற்றியில் இருந்த சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினாள். வியர்வையில் அது சரியாக ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியை அவள் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிடும்வரை விரலை எடுக்கவே இல்லை.